வட்டக்கச்சிக் குடும்பமொன்றின் ஸ்லைட் சேகரம்: எண்ணிமப்படுத்தல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தின் வட்டக்கச்சியில் வாழும் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான, ஏறத்தாழ 430 வண்ண ஸ்லைட்டுகளை (புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும், சட்டமிட்ட சிறு பிலிம் படங்களை) எண்ணிமப்படுத்திய, அதாவது கணினிக் கோப்புகளாக மாற்றிய, வேலையை இவ்வாய்வு விவரிக்கிறது. படங்களை எடுத்தவர் எனது பெரியப்பா. அவர் விவசாயப் போதனாசிரியர். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றங்களிலும், பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களின் படித்த வாலிபர் திட்டங்களிலும் கடமையாற்றினார். 1960களின் நடுப்பகுதியில் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர் திரும்பும்போது ஒரு 35 மில்லிமீற்றர் கமராவுடன் வந்தார். அதன் பின்னர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், படச்சுருள் கைக்கு வந்தபோதெல்லாம் வயல், வாய்க்கால், கோயில், கலியாணம், பள்ளிக்கூடம் என எடுத்துக்கொண்டே இருந்தார்.

எண்ணிமப்படுத்தல் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் எந்த ஸ்கானரை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியில் அந்தக் கேள்வி இரண்டாவதாக வரவேண்டும் என்பதே இந்த வேலையில் எங்களுக்குத் தெளிவான விடயம். தரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எல்லாப் படங்களையும் ஒருமுறை விரைவாக எடுத்து, படங்களிலுள்ளவர்களை அறிந்த முதியவர்களுக்குக் காட்டி, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்த பின்னரே எந்தப் படத்துக்கு எவ்வளவு உழைப்பைக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். கொடாக் நிறுவனத்தின் கொடாக்குரோம் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்த, நல்ல நிலையிலுள்ள ஸ்லைட் ஒன்று இருட்டில் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். அதில் நிற்பவரின் பெயரைச் சொல்லக்கூடியவருக்கு அவ்வளவு காலம் இல்லை.

சேகரம் இரண்டாகப் பிரிந்த வரலாறு

இந்தச் சேகரத்தின் ஒரு பகுதி, ஏறத்தாழ மூன்றில் ஒன்று, 1980களில் அத்தையுடன் இலண்டனுக்குப் போனது. மிகுதி வட்டக்கச்சி வீட்டில் பிஸ்கட் ரின்களில் இருந்தது. 2009 ஜனவரியில் போரால் ஊரை விட்டுக் கிழக்கே நகர வேண்டி வந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியில் அரிசிக்கும் தறப்பாளுக்குமே இடம் போதாதிருந்ததால், ரின்களைப் பொலித்தீனால் பல சுற்றுச் சுற்றிக் கிணற்றடி வளவில் புதைத்துவிட்டுப் பெரியப்பா புறப்பட்டார். மீள்குடியேற்றத்தின்போது வீட்டின் கூரையோ கதவு நிலைகளோ இருக்கவில்லை, ஆனால் ரின்கள் புதைத்த இடத்திலேயே இருந்தன. குடும்பத்தின் அல்பங்கள் எல்லாம் எங்களோடு எடுத்துச் செல்லப்பட்டு வழியில் தொலைந்தன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். எடுத்துச் சென்றது தொலைந்து, விட்டுச் சென்றது தப்பியது.

இந்தப் பிரிவு எங்களுக்கு ஓர் ஒப்பீட்டு வாய்ப்பையும் தந்தது. ஒரே கமரா, ஒரே வகைப் படச்சுருள், இரண்டு வேறுபட்ட வாழ்க்கை. இலண்டன் பெட்டியில் பூஞ்சணம் இல்லை, தூசியும் குறைவு. எனினும் அதிலிருந்த மிக நல்ல படங்கள் சிலவற்றில் நிறம் வெளிறியிருந்தது. அத்தை வீட்டில் விருந்தினர் வந்தால் புரொஜெக்டர் போடுவது வழக்கம் என்றும், எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தப் படங்களையே என்றும் பின்னர் அறிந்தோம். கொடாக்குரோம் இருட்டில் மிக உறுதியானது, ஆனால் புரொஜெக்டர் விளக்கின் கடும் ஒளியில் அதன் சாயம் மற்றப் பல ஸ்லைட் வகைகளைவிட விரைவாக மங்கும். புதைந்து கிடந்த ரின்களில் இதற்கு நேர்மாறான நிலை. நிறங்கள் நேற்று எடுத்தவை போல இருந்தன, மேற்பரப்பில்தான் பூஞ்சணம் சிலந்திவலைக் கிளைகளாகப் படர்ந்திருந்தது. பொலித்தீன் வெளியிலிருந்த மழைநீரைத் தடுத்த அதே வேளையில் உள்ளே இருந்த ஈரத்தையும் வெளியேற விடவில்லை. அடித்தட்டில் இருந்த இருபதுக்கும் மேற்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. கண்ணாடிச் சட்டத்தில் போடப்பட்டிருந்த சில, பாதுகாப்பாக இருக்கும் என நாங்கள் எதிர்பார்த்தவை, இரண்டு கண்ணாடிகளுக்கிடையே ஈரம் சிறைப்பட்டதால் மற்றவற்றைவிட மோசமாகப் பழுதடைந்திருந்தன.

இரண்டு பெட்டிகளிலும் கொடாக்கின் இன்னொரு படச்சுருள் வகையான எக்டாக்குரோமில் எடுத்த சிறு தொகையான ஸ்லைட்டுகளும் இருந்தன. பழைய எக்டாக்குரோமில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே மங்குவதால் படம் முழுதும் செம்மை ஏறிவிடும். எங்களுடையவையும் அப்படியே ஆகியிருந்தன. இவற்றைப் பிரித்தறிய மட்டைச் சட்டத்தில் அச்சிடப்பட்ட பெயரே பெரும்பாலும் போதும். சட்டம் மாற்றப்பட்டிருந்தால், ஸ்லைட்டைச் சரித்து வெளிச்சத்தில் பார்க்கும்போது மங்கலான பக்கத்தில் உருவம் மேடுபள்ளமாகத் தெரிவது கொடாக்குரோமுக்கு உரிய அடையாளம்.

சட்டத்தை வாசித்தல்

முதல் வேலையாகச் சட்டங்களைப் படமெடுத்தோம். துடைப்பதற்கும், ஒழுங்கை மாற்றுவதற்கும் முன்னரே, ஒவ்வொரு ஸ்லைட்டின் இரண்டு பக்கங்களையும் கைத்தொலைபேசியால் எடுத்து, மென்பென்சிலால் மட்டையின் மூலையில் ஓர் இலக்கம் இட்டோம். 50 மில்லிமீற்றர் சதுரமான அந்த மட்டையில் மூன்று விதமான தகவல்கள் இருந்தன: பெரியப்பாவின் கையெழுத்து, படச்சுருளில் அந்தப் படத்தின் வரிசை எண், கழுவப்பட்ட மாதமும் ஆண்டும்.

கடைசித் தகவலை விளங்கிக்கொள்ள கொடாக்குரோமின் இயல்பைத் தெரிந்திருக்க வேண்டும். மற்றப் படச்சுருள்களில் நிறம் தரும் பொருள் பிலிமிலேயே இருக்கும், கொடாக்குரோமில் அது கழுவும் இரசாயனத்தில் இருந்து வருகிறது. ஆகவே ஊர் ஸ்ரூடியோவில் அதைக் கழுவ முடியாது. கழுவும் செலவையும் சேர்த்தே படச்சுருளை விற்ற கொடாக், இங்கிலாந்தில் அதை ஹெமல் ஹெம்ஸ்டெட் நகரிலிருந்த தனது ஆய்வுகூடத்துக்குத் தபாலில் அனுப்பச் செய்தது. பெரியப்பாவின் சுருள்களும் உறவினர் வழியாக அங்கேதான் போய்த் திரும்பின. ஆகவே சட்டத்திலுள்ள திகதி படம் எடுத்த நாளைச் சொல்லாது. அந்தத் திகதிக்குப் பின்னர் எடுக்கப்பட்டதல்ல என்பதை மட்டுமே அது உறுதிப்படுத்தும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970 முதல் 1977 வரையான காலத்தில் ஒரு சுருளை மாதக்கணக்கில் இழுத்து இழுத்து எடுத்திருக்கிறார் என்பதும் படங்களிலிருந்து தெரிகிறது.

ஓர் உதாரணம். செப்டெம்பர் 1973 எனப் பொறிக்கப்பட்ட ஒரு சுருளில், தொடக்க எண்களில் சூடடிப்பு நடக்கும் களம், நடுவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல், இறுதியில் வாய்க்கால் ஓரம் பச்சைப் பயிர். பொங்கல் வைகாசியில் வருவது. அதற்கு முந்திய சூடடிப்பு, மாசி பங்குனியில் முடியும் காலபோகத்துக்குரியது. பின்னர் வரும் பச்சை, இரணைமடு நீரில் விளையும் சிறுபோகம். ஆகவே அந்தச் சுருள் 1973 மாசியளவில் தொடங்கி ஆடிக்கு முன்னர் முடிந்திருக்க வேண்டும் என்று வரிசை எண்களைக் கொண்டே தீர்மானிக்க முடிந்தது. ஸ்லைட்டுகளைத் தூசி தட்டி "வயல்", "கோயில்" என்று பொருள்வாரியாக அடுக்கியிருந்தால் இந்தத் தருக்கம் கைவிட்டுப் போயிருக்கும்.

இடப்பெயர்களில் ஒரு சிறு கவனம் தேவைப்பட்டது. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. பெரியப்பாவின் கையெழுத்தில் "யாழ் மாவட்டம்" என்றிருப்பதைப் பிழையெனக் கருதித் திருத்தாமல் அப்படியே பதிந்து, இன்றைய மாவட்டத்தைத் தனிப் பத்தியில் சேர்த்தோம்.

முதற் சுற்று: காட்டுவதற்காக எடுத்தவை

முதற் சுற்றுக்கு ஓவியம் வரைவோர் பயன்படுத்தும் எல்ஈடி ஒளிப்பலகையும் ஒரு கைத்தொலைபேசியும் போதுமாயிருந்தன. பலகையின் நுண்ணிய புள்ளிகள் படத்தில் விழாதிருக்க, ஸ்லைட்டை அதன் மேல் நேரடியாக வைக்காமல் சில சென்ரிமீற்றர் உயர்த்தி வைத்து, இடையில் பாற்கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்ரிக் தகட்டைச் செருகினோம். இந்தப் படங்கள் எதற்கும் உதவாத தரத்தில்தான் இருந்தன, ஆனால் தொலைக்காட்சித் திரையில் ஆளை அடையாளம் காண அவை போதும்.

முதலில் எல்லோரையும் ஒன்றாக இருத்திக் காட்டினோம். அது கலகலப்பாக இருந்தது. பதிவுக்கு ஆகவில்லை. கூட்டத்தில் முதலில் குரல் கொடுப்பவரின் விடையே எல்லோரின் விடையாகிவிடுகிறது, தயங்குபவர் தயக்கத்தோடே இருந்துவிடுகிறார். பின்னர் ஒவ்வொருவரையும் தனித்தனியே இருத்தி, "இது ஆர்?" என்று கேட்காமல் "இது எந்த இடம்?" என்று தொடங்கினோம். இடம் பிடிபட்டால் ஆட்கள் தாமாகவே வருகிறார்கள். ஸ்லைட்டின் இலக்கத்தை உரக்கச் சொல்லிவிட்டு உரையாடல் முழுவதையும் ஒலிப்பதிவு செய்தோம்.

வட்டக்கச்சி வீட்டுக் கிணறு என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த ஒரு படத்தை எண்பது வயது தாண்டிய பெரியம்மா, துலாவைத் தாங்கும் ஆடுகாலைப் பார்த்த மாத்திரத்தில் மறுத்தார். "இது எங்கட கிணறு இல்லைத் தம்பி. எங்கட துலாவுக்கு ஆடுகால் பூவரசு, உயிர் மரம். இதில நிக்கிறது பனங்குத்தி. விசுவமடுப் பக்கம் கேட்டுப் பார்." விசுவமடுவில் கேட்டோம். அந்தக் கிணற்றின் சொந்தக்காரர் அருகில் நின்ற மண்ணெண்ணெய் மிசினைக் கொண்டே அதைத் தன்னுடையதென உறுதிப்படுத்தியதோடு, பின்னால் மிளகாய்க் கன்றுகளுக்கிடையே குனிந்து நிற்கும் நால்வரின் பெயர்களையும் சொன்னார். இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறியிருந்த அந்த ஆண்டுகளில் வாலிபர் திட்டக் காணிகள் எப்படி இருந்தன என்பதற்கு அவர் தந்த அரைமணி நேர விளக்கம் இப்போது அந்த ஒரு படத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

இருவர் இருவிதமாகச் சொன்ன இடங்களில் நாங்கள் நடுவராக இருக்கவில்லை. யார், என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று இரண்டையும் பதிந்தோம். கனடாவிலுள்ள உறவினர் ஒருவருக்குக் காணொளி அழைப்பில் காட்டியபோது இத்தகைய முரண்கள் சில தீர்ந்தன, சில கூடின.

முன்னுரிமை மாறியது

காட்டிய பின்னர்தான் எங்கள் பட்டியல் தலைகீழானது. தொடக்கத்தில் நாங்கள் உயர்தரத்தில் எடுக்கவெனக் குறித்திருந்தவை அழகான படங்கள்: இரணைமடு வான் பாயும் காட்சி, பழைய கிளிநொச்சிப் புகையிரத நிலையம், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி. ஒதுக்கி வைத்தவை கலியாண வீட்டுக் கூட்டங்கள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகள், யாரும் கமராவைப் பார்க்காத திருவிழாப் படங்கள்.

அயலவர்கள் கேட்டது இரண்டாவது வகையை. 2009இல் இந்தப் பகுதியில் வீட்டோடு அல்பமும் இழந்த குடும்பங்கள் ஏராளம். இறந்தவரின் அல்லது காணாமற் போனவரின் ஒரு படம்கூட இல்லாமல் இருப்பவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். ஒரு கலியாணப் பந்தலின் பின்வரிசையில், வாழைக்குலைக்கு அருகே பாதி மறைந்து நிற்கும் இளைஞர் தன் அண்ணர் என்று அயல்வீட்டு அக்கா ஒருவர் அடையாளம் காட்டினார். குடும்பத்தில் எவரிடமும் அவரது படம் எஞ்சியிருக்கவில்லை.

தெளிவுத்திறன் என்ற கேள்விக்கு அப்போதுதான் பொருள் வந்தது. ஸ்லைட்டின் படப்பரப்பு 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அதில் அந்த முகம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள் என்று எடுத்தால் முகத்துக்கு 140 பிக்சல்தான் கிடைக்கும். 24 மெகாபிக்சல் கமராவில் ஸ்லைட் சட்டகத்தை நிறைக்குமாறு எடுத்தால் 36 மில்லிமீற்றருக்கு 6,000 பிக்சல், அதாவது முகத்துக்கு 250 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற வழமையான அச்சுத் தரத்தில் அது இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய முகம். சுவரில் மாட்டப் பெரிதாக்கினால் மென்மையாகத்தான் தெரியும், ஆனாலும் அது அவருடைய முகம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் அதைக் கூர்மைப்படுத்தித் தரும்படி சில இளையவர்கள் வற்புறுத்தினார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். அந்தச் செயலிகள் இல்லாத கண்ணிமையையும் உதட்டோரத்தையும் ஊகித்து வரைகின்றன. வேறு படமே இல்லாத ஒருவருக்கு அப்படி வரையப்பட்ட முகம் வேறொருவரின் முகமாகவே முடியும், சரிபார்க்கவும் வழியில்லை.

துப்புரவும் இரண்டாம் சுற்றும்

பூஞ்சணத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: தண்ணீர் படக்கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலற்றின் படலமே பூஞ்சணத்தின் உணவு. பூஞ்சணம் பிடித்த ஜெலற்றின் நீரில் கரையும் நிலைக்கு வந்துவிடுவதால், ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சணத்தோடு படமும் வந்துவிடும். மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கும் 70 வீத ஸ்பிரிட்டிலும் மிகுதியில் பெரும்பகுதி தண்ணீரே. நாங்கள் ஊதுகுமிழாலும் மென்தூரிகையாலும் தூசியை நீக்கினோம். பூஞ்சணம் தடித்திருந்தவற்றுக்கு மட்டும் 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பஞ்சில் தொட்டு, முதலில் மதிப்புக் குறைந்த ஒரு படத்தில் சோதித்த பின்னர், அழுத்தாமல் துடைத்தோம். ஜெலற்றினை ஏற்கனவே அரித்துவிட்ட தடங்கள் அப்படியே இருக்கின்றன. ஒட்டிக் கட்டியாகிவிட்டவற்றை நாங்கள் தொடவே இல்லை.

தட்டை ஸ்கானர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிச் சோதித்தோம். அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டறிந்து நீக்கும் வசதி அதில் இருந்தது. பெரிதும் விளம்பரப்படுத்தப்படும் இந்த வசதி கொடாக்குரோமில் நம்பத்தக்கதல்ல. மற்றப் பிலிம்களின் சாயங்கள் அகச்சிவப்பை ஊடுருவ விடும், கொடாக்குரோமின் சாயம் அதை ஓரளவு தடுப்பதால் கரிய தலைமுடியையும் நிழலையும் தூசியெனக் கருதி மென்பொருள் அழித்துவிடுகிறது. எங்கள் சேகரத்தில் பெரும்பகுதி கொடாக்குரோமே என்பதால் கமரா வழிக்குத் திரும்பினோம்.

அமைப்பு எளியது: மேக்ரோ வில்லை பொருத்திய 24 மெகாபிக்சல் கமரா, அதைக் கீழ்நோக்கி இறுக்கிப் பிடிக்கும் தாங்கி, நிறத்தைச் சரியாகக் காட்டும் தரமான வெள்ளொளி. முதற் சுற்றில் பயன்படுத்திய மலிவான ஒளிப்பலகை இங்கே உதவவில்லை. அதன் ஒளியில் ஆழ்ந்த சிவப்புக் குறைவாக இருந்ததால் கூறைச் சேலைகளின் நிறம் மண்ணிறமாகச் சாய்ந்தது. துவாரம் எஃப் 8, உணர்திறன் 100, றோ கோப்பு (கமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு), இரண்டு வினாடி தாமதம் என வைத்தோம். மட்டைச் சட்டத்தில் பிலிம் சற்றே வளைந்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் குவியத்தைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். நிழல் அடர்ந்த படங்களுக்கு வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் மூன்று பிரதிகள் எடுத்தோம்.

வன்னிக்கே உரிய சிக்கல் காற்றாடி. அதைப் போட்டால் தூசி பறக்கிறது, தாங்கியும் மெல்ல அதிர்கிறது. போடாவிட்டால் வியர்வைத் துளி ஸ்லைட்டில் விழுகிறது. ஆகவே விடியப்புறத்தில், கிறவல் வீதியில் டிப்பர்கள் ஓடத் தொடங்குமுன் வேலையை முடித்துக்கொண்டோம். மின்சாரம் நின்றாலும் கமராவும் விளக்கும் மின்கலத்தில் இயங்கியது ஸ்கானரோடு ஒப்பிடுகையில் ஒரு மேலதிக நன்மை.

இந்தப் படங்களில் ஏன் ஓர் அடுப்படியும் இல்லை, ஏன் எல்லாக் கலியாணமும் முற்றத்தில் நடப்பதுபோல் இருக்கிறது என்று ஒரு மருமகள் கேட்டார். பெரியப்பா தொடக்கத்தில் பயன்படுத்திய கொடாக்குரோம் 2 வகையின் உணர்திறன் 25 மட்டுமே. பட்டப்பகல் வெயிலுக்கு வெளியே அதற்குக் கண் தெரியாது. இந்தச் சேகரத்தை அக்கால வன்னி வாழ்க்கையின் முழுச் சித்திரமாக எடுத்துக்கொள்ள விரும்புவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பெண்கள் நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடங்கள் இதில் அறவே இல்லை.

கோப்பும் காப்பும்

ஒரு றோ கோப்பு ஏறத்தாழ 30 மெகாபைட். முழுச் சேகரமும் 13 கிகாபைட் அளவில் அடங்குகிறது. அச்சிட வேண்டியவற்றுக்கு மட்டும் 16 பிட் டிஃப் கோப்பு உருவாக்கினோம், ஒவ்வொன்றும் 144 மெகாபைட். மூன்று பிரதிகள் உள்ளன: வட்டக்கச்சியில் ஒரு வன்தட்டு, யாழ்ப்பாணத்தில் இன்னொன்று, நாட்டுக்கு வெளியே அத்தையின் மகளிடம் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் விலையை 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோதும் இந்த ஊர் மக்கள் கண்டவர்கள், தங்கள் வீடுகளிலும் கண்டவர்கள். அதனால் மூன்றாவது பிரதிக்கு எவரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

விபரக் குறிப்புகளை ஒருங்குறியில் (யூனிகோட்) மட்டுமே தட்டச்சிட்டோம். எங்கள் பகுதியில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப் பழகியவர்கள். அப்படி எழுதிய குறிப்பைப் படக் கோப்பின் உள்ளே பதித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும், தேடவும் முடியாது. பாமினியில் வந்த குறிப்புகள் மாற்றியின் மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவரப்பட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட்டன.

ஆட்கள் அடையாளம் தெரியும் படங்களை இணையத்தில் இடுவதில்லை என்றும், அந்தந்தக் குடும்பம் இணங்கினால் மட்டுமே வெளியாருக்குக் கொடுப்பது என்றும் முடிவுசெய்தோம். வயல், குளம், கோயில், புகையிரத நிலையக் காட்சிகளுக்கு இந்தத் தடை இல்லை. 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தின் பல்லூடகக் களஞ்சியமான ஆவணகத்துக்கு அவற்றைக் கொடுப்பதே எங்கள் விருப்பம். மூல ஸ்லைட்டுகளை வீசும் எண்ணம் எவருக்கும் இல்லை. அவை இப்போது சிலிக்கா ஜெல் பொதிகளோடு காற்றுப்புகாப் பெட்டியில், ஒட்டிக் கட்டியானவை தனிப் பெட்டியில், உள்ளறையில் இருக்கின்றன. மாரி தொடங்குமுன் பொதிகள் மாற்றப்படும்.

பெயர் கிடைக்காத படங்கள் இன்னும் அறுபதளவில் உள்ளன. அவற்றைப் பெரிய அளவில் அச்சிட்டு, இலக்கமிட்டு, கிராமத்து முதியோர் சங்கக் கூட்டங்களுக்குக் கொண்டுபோகிறோம். கூட்டம் முடிந்ததும் தனித்தனியே கேட்கிறோம். சென்ற கூட்டத்தில் மூன்று பெயர்கள் கிடைத்தன, அவற்றில் ஒன்றுக்கு இரண்டு கருத்துகள். இரண்டும் அட்டவணையில் சொன்னவர் பெயரோடும் திகதியோடும் ஏறியிருக்கின்றன.